இரவு மீட்டரும் டீச் சக்கையும்: அறுபது பேர் அலுவலகத்தைப் பசுமையாக்குவது எப்படி?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் வாசலில் ஒரு வேப்பங்கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள், சுவிட்ச் போர்டுகளின் மேல் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஜூலையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் பசுமை முயற்சிகள் படுத்துவிடுவதற்கு ஆர்வக் குறைவைவிட இந்தக் கேள்வியைக் கேட்காததுதான் பெரிய காரணம். கீழே சொல்வதெல்லாம் சென்னை, கோவை போன்ற ஊரில் வாடகைக் கட்டடத்தின் ஒரு தளத்தில் இயங்கும், ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கானது. ஒவ்வொன்றையும் யார் செய்ய வேண்டும், எந்த நேரத்தில் என்பதோடு சேர்த்தே படியுங்கள்.

முதலில் இரவு மீட்டர்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மீட்டரைப் படியுங்கள். கடைசி ஆள் கிளம்பிய பிறகு இரவு 7.30க்கு ஒரு ரீடிங், காலையில் கதவு திறந்ததும் 7.30க்கு ஒரு ரீடிங். செக்யூரிட்டி அண்ணனிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் போதும். டிஜிட்டல் மீட்டரில் திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும். ‘கேடபிள்யூஹெச்’ என்று காட்டும்போது வரும் எண்ணைத்தான் எழுத வேண்டும். பக்கத்திலேயே ‘கேவிஏஹெச்’ எண்ணும் வரும். இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது வழக்கமாக நடக்கிற தவறு. பெரிய இணைப்புகளில் சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் காட்டும் கருவி) வைத்த மீட்டர் இருக்கும். அதில் வருவதைப் பெருக்குத் தொகையால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் கிடைக்கும். அந்தத் தொகை மீட்டர் அட்டையிலோ கட்டண ரசீதிலோ இருக்கும்.

ஓர் இரவில் 24 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்துக்கு 24 யூனிட் என்றால், ஆளே இல்லாத அலுவலகம் இரவு முழுக்க 2 கிலோவாட் இழுத்திருக்கிறது. வருடத்துக்கு 8,760 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கிட்டால், யாருக்கும் பயன்படாமல் 6 டன். வார விடுமுறைகளின் பகல் இதில் சேரவில்லை.

எது இழுக்கிறது என்று கண்டுபிடிக்கப் புதுக்கருவி வேண்டாம். மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். அதன் அருகில் ‘ஒரு கிலோவாட் மணிக்கு 1600 துடிப்பு’ என்கிற மாதிரி ஓர் எண் அச்சிட்டிருக்கும் (3200, 800 என்றும் இருக்கலாம்). கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு, பத்துத் துடிப்புக்கு எத்தனை நொடி என்று பார்த்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு 36,00,000-ஐ, அச்சிட்ட எண்ணையும் நொடியையும் பெருக்கி வருவதால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டரில் துடிப்புக்கு 3 நொடி என்றால் 750 வாட். சி.டி. மீட்டராக இருந்தால் இந்த விடையையும் பெருக்குத் தொகையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது தளத்துக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்து, அதிலிருக்கும் எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் துடிப்பை எண்ணுங்கள். எலக்ட்ரீஷியன் கூடவே இருக்கட்டும். கணினிப் பிரிவுக்கு முன்னாடியே சொல்லி வையுங்கள். தீ எச்சரிக்கை பேனல், சிசிடிவி இரண்டையும் தொட வேண்டாம். ஒரு மாலை, ஒன்றரை மணி நேர வேலை. இதில் அடிக்கடி அகப்படுபவை:

- சர்வர் ரூம் ஏ.சி. 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதோ இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச், ஒரு என்.வி.ஆர். (கேமரா பதிவுப் பெட்டி), ஒரு பழைய சர்வர். கருவிக்குள் நுழையும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஏ.சி. பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை. 24 வைத்தாலே தாராளம். ரேக்கின் முன்பக்கம் ஒரு வெப்பமானியை மாட்டி ஒரு வாரம் பாருங்கள்.
- வெந்நீர் தரும் டிஸ்பென்சர். குடிக்க ஆளில்லாத தண்ணீரை இரவெல்லாம் ஆறவிட்டு ஆறவிட்டுச் சுடவைக்கும். டீ மெஷினும் அப்படியே.
- அளவுக்கு மீறிய யு.பி.எஸ். 10 கேவிஏ வாங்கி அதில் ஒன்றரைக்குக்கூட லோடு இல்லாவிட்டால், வருகிறதில் கணிசமான பங்கை அதுவே சூடாக்கித் தீர்க்கும்.
- ‘ஷட்டவுன் பண்ணிட்டேன்’ என்று சொல்லி மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போன டெஸ்க்டாப்புகள்.
- பெயர்ப்பலகை விளக்கு, கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன்.

தீர்வுக்கு விலையுயர்ந்த ஆட்டோமேஷன் வேண்டியதில்லை. இரவில் அணைக்க வேண்டிய பிளக்குகளில் பச்சை நாடா, தொடவே கூடாதவற்றில் சிவப்பு நாடா. ரீடிங் எடுக்கும் செக்யூரிட்டியே பச்சையை எல்லாம் அணைத்துவிட்டுக் கையெழுத்து போடட்டும். சிவப்பு ஒட்டாமல் பச்சையை மட்டும் ஒட்டினால், ஒரு நாள் என்.வி.ஆர். அணைந்து, மறுநாள் கேமரா பதிவு இல்லை என்று அவர் மேல் பழி விழும். அதற்குப் பிறகு அவர் எதையும் தொட மாட்டார். அதில் அவர் மேல் தப்பும் இல்லை.

ஏ.சி.: ரிமோட் சண்டையும் கேஸ் கசிவும்

பகல் மின்சாரத்தில் பெரும்பங்கு ஏ.சி.க்குத்தான். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020 முதல் புதிய அறை ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. ஆனால் எல்லாருக்கும் மெயில் அனுப்பி 26 ஆக்கினால் பத்து நிமிடத்தில் ரிமோட் கைமாறிவிடும். மேற்கு ஜன்னல் ஓரத்தில் இருப்பவருக்கு வேர்க்கும், ஏ.சி.க்கு நேர் கீழே இருப்பவர் சால்வை போர்த்திக்கொண்டிருப்பார். இது மனிதர்களின் பிரச்சினை இல்லை, காற்றோட்டத்தின் பிரச்சினை. முதலில் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ ஷேடோ போடுங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுபடும், சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்தது மின்விசிறி. சாதாரண விசிறி 75 வாட் எடுக்கிற இடத்தில் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறி 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். மேலே காற்று படுகிறபோது 26 டிகிரி யாருக்கும் உறுத்தாது. இந்த இரண்டையும் செய்த பிறகு ரிமோட்டைத் தொடுங்கள்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, முன்மூடியைத் தூக்கி, வலையை வெளியே இழுத்து, தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சுங்கள். முன்பக்கமிருந்து அடித்தால் தூசி கண்ணிகளுக்குள் அடைந்துகொள்ளும். நிழலில் முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு மாட்டினால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், ‘ஏ.சி. நாறுது’ என்று ரூம் ஃப்ரெஷ்னர் வாங்குகிற இடங்கள் பல உண்டு.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் போகிறது. கோடையில் மெக்கானிக் வந்து ‘கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்’ என்பார். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஆர்-410ஏ என்ற ஏ.சி. கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் அது ஏறக்குறைய 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுமார் 3,000 யூனிட் மின்சாரம் எரித்த கணக்கு. ஆகவே கேஸ் போடும் முன் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இணைப்புகளில் சோப்புநுரை வைத்துக் கசிவைத் தேடச் சொல்லுங்கள், அடைத்த பிறகு வேக்கம் எடுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி), எடை பார்த்து கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுவது நல்லது. ஏ.சி.யையே மாற்றுவதென்றால் ஆர்-32 கேஸ் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். அது ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோவுக்குத்தான் சமம்.

தண்ணீர்

2019 ஜூனில் சென்னை வறண்டபோது ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். லாரித் தண்ணீர் வாங்கும் அலுவலகத்தில் எத்தனை லோடு என்று எண்ணினாலே கணக்கு கிடைத்துவிடும்.

குழாய் முனையில் ஏரேட்டர் மாட்டுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டுகிற கைகழுவும் குழாய் 3 முதல் 6 லிட்டரில் நின்றுவிடும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் வலை இரண்டு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் யாராவது அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்கக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போதும். டேங்கில் போட்டு, 15 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும்.

ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை சாக்கடையில் விடாமல் ஒரு டிரம்மில் விட்டால் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும். உப்பு செறிந்த தண்ணீர் என்பதால் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம், இலை நுனி கருகும். செடிக்கு ஏற்றது ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலேயே தரும். உப்பில்லாத தண்ணீர்தானே என்று சிலர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள். செம்பு, அலுமினியத் தகடுகளின் மேல் வழிந்து வருவதால் அதில் உலோகத் துகளும் தூசியும் இருக்கும். பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். எந்த டிரம்மாக இருந்தாலும் கொசுவலை கட்டி, வாரம் ஒருமுறை காலி செய்துவிடுங்கள்.

பேப்பர் கப்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. ‘பேப்பர்தானே’ என்று இன்னும் பல பேன்ட்ரிகளில் அது அடுக்கியிருக்கிறது. அறுபது பேர், நாளைக்கு இரண்டு டீ, 22 நாள்: மாதம் 2,640 கப். உள்ளே பூச்சு இருப்பதால் பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள், உரக்குழியிலும் மக்காது.

‘அவரவர் மக் கொண்டு வாருங்கள்’ என்பது எளிதாகத் தோன்றும். நடைமுறையில் பாதிப்பேர் கழுவாத மக்கை மேசையிலேயே விட்டுப் போவார்கள், கரப்பான் வரும், விருந்தாளி வந்த அன்று பேப்பர் கப் திரும்பி வரும். பொதுவான எவர்சில்வர் டம்ளரே நிலைக்கிறது. 150 மில்லி, வாய் விளிம்பு மடித்தது, தொண்ணூறு எண்ணம். அறுபது புழக்கத்துக்கு, மீதி விருந்தாளிக்கும் கழுவ நேரமில்லாத பொழுதுக்கும்.

கேள்வி, யார் கழுவுவது. அறுபது டம்ளரை ஒருவர் கழுவித் துடைத்து அடுக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு வேளைக்கு ஒரு மணி நேரம் தாண்டும். ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு இருக்கிற வேலை போதாதென்று இதையும் தலையில் கட்டினால் பத்து நாளில் மறுபடி கப் வாங்கச் சொல்லிச் சீட்டு வரும். கப் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை அந்த ஒரு மணி நேரக் கூலியாக ஒப்பந்தத்தில் சேருங்கள், அல்லது அவருடைய வேறொரு வேலையைக் குறையுங்கள். கழுவும் விதமும் முக்கியம். ஓடும் குழாயில் அரைமணி நேரம் கழுவினால் 200 லிட்டருக்கு மேல் போய்விடும். ஒரு டப்பில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் கடைசி அலசல்: மூன்றுக்கும் சேர்த்து 30 லிட்டர். பால் கலந்த டீ என்பதால் முதல் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஏடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

டீச் சக்கையில் தொடங்கும் உரம்

குப்பையில் மதியச் சாப்பாட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு உரம் போடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். சாம்பார் சாதம், எண்ணெய், எலும்பு எல்லாம் ஒரே நாளில் நாற்றமெடுக்கும், பக்கத்து அலுவலகம் புகார் கொடுக்கும், டிரம் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். சாப்பாட்டு மிச்சத்தை டப்பாவிலேயே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். தினமும் ஒரே அளவில், ஒரே மாதிரி வருகிற டீச் சக்கையே பழகுவதற்கு நல்லது. 120 டீக்கு ஈரச்சக்கை ஒரு கிலோவுக்கு மேல் தேறும்.

நம் ஊர் டீ பாலோடு கொதிப்பதால் சக்கையிலும் பால் இருக்கும். அப்படியே போட்டால் புளிக்கும், எறும்பு மொய்க்கும். வடிகட்டியிலேயே ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி அலசி, அழுத்திப் பிழிந்துவிடுங்கள். சர்க்கரையைப் பாத்திரத்தில் போடாமல் தனியே வைத்தால் இன்னும் நல்லது. சர்க்கரை வேண்டாதவர்களும் வாழ்த்துவார்கள்.

60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு போதும். பக்கவாட்டில் ஒரு சாணுக்கு ஒன்றாக விரல் நுழையாத அளவு துளைகள், அடியில் நான்கு துளை, கீழே ஒரு தட்டு. அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள் அல்லது காய்ந்த இலை. அதன் மேல் தினமும் ஒரு பங்கு சக்கை, ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. இந்தப் பங்கு எடையில் அல்ல, கொள்ளளவில். ஒரே டப்பாவால் அளந்து போடுங்கள். நார்க்கழிவுக் கட்டியை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் உப்பு போய்விடும். முதல் நாள் ஒரு கை பழைய உரமோ அரை டம்ளர் புளித்த மோரோ தெளியுங்கள். வாரம் இருமுறை கம்பால் அடிவரை கிளறுங்கள்.

கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் சொட்டுச் சொட்டாக ஒழுகக் கூடாது, பிடியை விட்டதும் பொலபொலவென்று உதிரவும் கூடாது. விரலிடுக்கில் ஓரிரு துளி எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை: நார்க்கழிவு சேர்த்துக் கிளறுங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை என்றால் சக்கை அதிகம், காய்ந்த இலை குறைவு. சாம்பல் நிறப் புழுக்கள் தென்பட்டால் அலற வேண்டாம், அவை கெடுதல் செய்யாது. மேலே ஒரு விரற்கடை நார்க்கழிவைப் போட்டு மூடினால் அடுத்த தலைமுறை குறையும். ஒரு டிரம் நிறைய ஒரு மாதம் ஆகும். அதை மூடி 45 நாள் விட்டுவிட்டு அடுத்ததில் தொடருங்கள். இரண்டாவது முந்திக்கொண்டு நிறைந்தால், முதல் டிரம்மில் இருப்பதை ஒரு சாக்கில் மாற்றி முதிரவிடலாம். உரம் ஆயிற்றா என்று பார்க்க ஒரு கைப்பிடியை ஜிப் கவரில் மூன்று நாள் பூட்டி வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசனை வந்தால் செடிக்குப் போடலாம். புளிப்பு வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம்.

மற்ற குப்பைக்கு ஒரே ஒரு குறிப்பு: ஒவ்வொரு மேசைக்கடியிலும் இருக்கும் கூடையை எடுத்துவிடுங்கள். தளத்தில் இரண்டே இடத்தில் மூன்று மூன்று தொட்டி. நடந்து போய்ப் போடுகிறவர் பிரித்துப் போடுவார். காலடியில் போடுகிறவர் பிரிக்க மாட்டார்.

காகிதமும் பழைய கணினியும்

பிரின்டர் அமைப்பில் இருபக்க அச்சை இயல்பாக வைத்துவிட்டாலே காகிதப் பேச்சு பாதி முடிந்தது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 ஒரு தாள் 5 கிராம், ஒரு ரீம் இரண்டரை கிலோ. உள் வேலைக்கு 70 ஜிஎஸ்எம் போதும். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும், தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது, கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. 70 ஜிஎஸ்எம் தாள் ஜாம் ஆகிறது என்றால் பெரும்பாலும் தாளின் குற்றமல்ல. மழைக்காலத்தில் ரீமைப் பிரித்துத் திறந்து வைத்திருப்பார்கள், ஈரம் ஏறியிருக்கும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் எல்லா அலுவலகத்திலும் அலமாரிகள் ஒழிகிற வாரம். பழைய மவுஸ், சார்ஜர், உடைந்த லேப்டாப் எல்லாம் அன்றுதான் காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து போகிற ஒயர்கள் செம்புக்காக எரிக்கப்படுவதுண்டு. அந்த வாரத்தையே மின்கழிவு வாரமாக்கிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தைப் பாருங்கள். எடை போட்டு ரசீதும், அழித்ததற்குச் சான்றும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தரவை அழியுங்கள். யு.பி.எஸ். பேட்டரியில் ஈயம் இருப்பதால் புதிது விற்கும் டீலரே விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். உப்பிப்போன லேப்டாப் பேட்டரியை மட்டும் மற்றவற்றோடு போடாதீர்கள், குத்தி அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். காய்ந்த மணல் நிரப்பிய தகர டின்னில் தனியே வையுங்கள்.

தூக்கிப் போடும் முன் ஒரு யோசனை: ஒரு லேப்டாப்பின் மொத்தச் சுற்றுச்சூழல் சுமையில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. ‘ஸ்லோ’ என்று ஒதுக்கியதில் எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமைக் கூட்டினால் அது இன்னும் மூன்று வருடம் வேலை செய்யும்.

ஒரு பக்கப் பதிவேடும் சோலாரும்

மாத முதல் திங்கட்கிழமை அட்மின் ஆள் ஒரு தாளில் எழுதட்டும்: மின் யூனிட், அதில் இரவு யூனிட் தனியே, ஜெனரேட்டர் டீசல் லிட்டர், தண்ணீர் லோடு, காகித ரீம், ஏற்றிய ஏ.சி. கேஸ் கிலோ. டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டுக்கொள்ளலாம். 2022-23 முதல் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வேலை செய்து தருகிற சிறு நிறுவனங்களுக்கும் கேள்வித்தாள் வருகிறது. அப்போது உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்யாமல் இந்தத் தாளை எடுத்துக் கொடுக்கலாம்.

சோலாரை நாங்கள் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறோம். பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். ஓட்டையை அடைக்காமல் தொட்டியைப் பெரிதாக்கும் வேலை அது. நம் ஊரில் 1 கிலோவாட் சோலார் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி மொட்டைமாடி கேட்கும். ஓர் இரவுக்கு 24 யூனிட் வீணாகும் அலுவலகத்தில், அதை ஈடுகட்ட மட்டும் 6 கிலோவாட் பேனலும் 600 சதுர அடியும் போய்விடும். பச்சை நாடாவும் சர்வர் ரூம் டிகிரியும் அந்த 24-ஐ 12 ஆக்கியிருந்தால் வாங்க வேண்டியது 3 கிலோவாட் குறைகிறது. ஆகவே ஒரு வருடப் பதிவேடு சேர்ந்த பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டே சோலார்காரரைக் கூப்பிடுங்கள். வாடகைக் கட்டடம் என்றால் மாடியைப் பயன்படுத்தும் உரிமையையும், காலி செய்யும்போது பேனல் யாருடையது என்பதையும் உரிமையாளரோடு எழுத்தில் முடித்துக்கொண்டு கூப்பிடுங்கள்.